பழைய கிணறு – ஒன்று

அகப்பையில் வந்த தண்ணீரை இன்பநாயகம் வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் நெளியவில்லை. தொட்டியின் மற்ற மூலையில் விட்டு இன்னொருமுறை அள்ளினார். பாசிகூட இல்லை. தொட்டி அன்று காலைதான் தேய்த்துக் கழுவப்பட்டிருந்தது. சவர்க்காரம் மணத்தது.

"ஒண்டும் இல்லைத்தானே" என்றாள் வீட்டுக்காரி.

அவள் அகப்பையைப் பார்க்கவில்லை. அவருடைய கக்கத்தில் இருந்த பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பூவரசடி ஒழுங்கையில் அது ஒன்பதாவது வீடு. ஒன்பது வீடுகளிலும் அதே பதில், அதே சவர்க்கார மணம். பழைய ரயர்கள் கவிழ்ந்து கிடந்தன. வளவில் ஒரு சிரட்டை இல்லை. பூச்சாடிக்குக் கீழே வைக்கும் தட்டுகளைத் துடைத்து மதிலில் காயப் போட்டிருந்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருபத்தேழு வருடமாக வேலை பார்ப்பவர் இன்பநாயகம். ஒரு ஒழுங்கை முழுக்க இவ்வளவு சுத்தமாக இருந்தால் அவர் இன்னொருமுறை சுற்றிப் பார்ப்பார்.

ஆறாவது வீட்டில் சுகந்தியின் மூத்த பெண் பத்து நாளைக்கு முன்னர் டெங்குக் காய்ச்சலில் செத்துப்போனாள். எட்டு வயது. இளையவளுக்கு நாலு வயது. அவள் இப்போது அதே காய்ச்சலோடு பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். டெங்கைப் பரப்பும் நுளம்பு தூரம் பறக்காது. நூறு யார் தூரத்துக்குள் எங்கேயோ தெளிந்த தண்ணீர் நிற்கிறது. சுகந்தி வீட்டுக்குப் புகை அடித்து ஒரு கிழமை ஆகியும் நுளம்பு குறையவில்லை. இன்னும் எத்தனை பிள்ளைகள் அந்த ஒழுங்கையில் இருக்கிறார்கள் என்பது பதிவேட்டில் இருந்தது. பதினேழு.

சண்டை முடிந்து இரண்டாவது மாரி அது. இரண்டு கிழமைக்கு முன்னர்தான் இராணுவ முகாமிலிருந்து வந்து ஒவ்வொரு குடும்பத்தையும் வாசலில் நிறுத்திப் படம் எடுத்துப் பதிந்துகொண்டு போயிருந்தார்கள். அதற்குப் பின்னால் இன்பநாயகம் பதிவேட்டோடு வந்தார். என்னத்துக்கு வந்தார் என்று அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. நம்பவும் இல்லை.

அவரும் யாரையும் நம்புகிறவர் அல்ல. அந்த வேலை அப்படி ஆக்கிவிட்டது என்று அவருடைய மனைவி சொல்வாள். கல்யாண வீட்டுக்குப் போனால் மணவறைக்கு முதல் சமையல் நடக்கும் குசினிக்குப் போவார். பால்காரனின் கானுக்குள் மூக்கை விடுவார். கடையில் தேத்தண்ணி குடிப்பதில்லை, கையோடு ஒரு போத்தல் தண்ணீர். டொரன்டோவில் இருக்கும் மகன் தொலைபேசியில் எல்லாம் நல்லாய் இருக்கு என்றால், மருமகளைக் கூப்பிடச் சொல்லித் திரும்பவும் கேட்பார். மனிதர் சொல்வதை அகப்பையில் அள்ளிப் பார்க்க முடியாது என்பது அவருடைய குறை.

பத்தாவது வீட்டுப் படலையில் பிளாஸ்ரிக் கதிரை போட்டுக் கதிர்காமத்தம்பி இருந்தார். சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒழுங்கைக்குள் வருவது போவது எல்லாம் அவருடைய கண்ணில் பட்டுத்தான்.

"என்ன இன்பநாயகம், நுளம்பு அம்பிட்டுதோ? இல்லை, வழக்கம்போல ஆக்களை மட்டும்தான் எழுதினீரோ?"

இன்பநாயகம் சிரிக்கவில்லை. கிழவரின் கிணற்றடி, தகரக் கொட்டில், குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டு எல்லாம் பார்த்தார். ஒன்றும் இல்லை. பதிவேட்டில் ஒன்றும் இல்லை என்று எழுதினார். கிழவர் எட்டிப் பார்த்தார்.

வழக்கம்போல என்று அவர் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது.

இடம்பெயர்ந்த சனம் தொண்ணூற்றாறில் ஊருக்குத் திரும்பிய புதிதில் இன்பநாயகம் இதே ஒழுங்கையில் மலசலகூடக் கணக்கெடுத்தார். வீட்டிலக்கம், குடும்பத் தலைவர், ஆட்கள் எத்தனை, வயது. முகாமிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். குடிதண்ணீர்ப் பவுசர் வண்டி எத்தனை அனுப்புவது என்று பார்க்க வேண்டும், பதிவேட்டைக் கொண்டு வா என்றார்கள். கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று நாள் கழித்துத் திரும்பக் கொடுத்தார்கள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாகக் கோடு இழுத்திருந்தது. அடுத்த கிழமை இந்த ஒழுங்கையில் நாலாவது வீட்டுப் பெடியனையும் அங்கால் ஒழுங்கையில் ஒருவனையும் கொண்டுபோனார்கள். இருவரும் திரும்பவில்லை. இரண்டு பெயர்களிலும் கோடு இருந்தது. கோடு இருந்த மற்றப் பன்னிரண்டு பேருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே பதிவேட்டால்தான் நடந்தது என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. பதினாலு வருடமாக அவர் இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் முகாம் வாசலில் நின்றதைக் கதிர்காமத்தம்பி கண்டவர். பவுசர் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. பவுசர் வரவும் இல்லை.

அந்த நாளிலிருந்து பூவரசடி ஒழுங்கையில் இன்பநாயகத்துக்கு ஒரு வீட்டிலும் தேத்தண்ணி கிடைத்ததில்லை. அதனால்தான் பதினோராவது வீட்டில், கடைசி வீட்டில், பூரணலட்சுமி தேத்தண்ணியோடு வந்தபோது அவர் திடுக்கிட்டார்.

"இருங்கோ ஐயா. வெயிலுக்குள்ள அலைஞ்சு வாறியள்."

கதிரை தயாராக விறாந்தையில் போட்டிருந்தது. முகம் தெருப் பக்கம், முதுகு வளவுப் பக்கம். சின்னத் தட்டில் ஒரு துண்டுப் பனங்கட்டி. வாசலில் இரண்டு சோடிச் செருப்பு. பூரணத்துக்கு அறுபது வயது இருக்கும். புருஷன் இல்லை. மூத்த மகன் இயக்கத்துப் போராளி, தொண்ணூற்று மூன்றில் செத்தவன். மகள் வதனியும் இயக்கத்தில் இருந்தவள், புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்து நாலு மாதம், கிழமைக்கு ஒருக்கால் இராணுவ முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைக்கிறவள். இதெல்லாம் ஒழுங்கைக்கே தெரியும்.

இன்பநாயகம் கதிரையில் இருக்கவில்லை. தேத்தண்ணியை மதில் கட்டில் வைத்துவிட்டு வளவுக்குள் நடந்தார்.

முற்றம் கூட்டியிருந்தது. ஈர்க்கு விளக்குமாற்றின் கோடுகள் மணலில் வரிவரியாக, ஒன்றையொன்று வெட்டாமல் கிடந்தன. கிணற்றடி வரைக்கும் அப்படித்தான். கிணற்றுக்கு அங்கால், வேலியோரம், பத்தடிக்கு ஆறடி இடம் மட்டும் கூட்டப்படவில்லை. பலா இலையும் பூவரசு இலையும் முழங்கால் அளவுக்குக் குவிந்து கிடந்தன. அதன் மேல் ஒன்பது குரோட்டன் சாடிகள். இரண்டு நேரமும் முற்றம் கூட்டுகிற பெண் அந்த இடத்தை மட்டும் ஏன் விட்டாள் என்று அவர் யோசித்தார். பிறகு அதன் விளிம்பில் நின்று குதிக்காலால் ஒருமுறை தட்டினார்.

அடியில் வெற்றிடம் இருப்பதுபோலச் சத்தம் வந்தது.

"அது குப்பைக் கிடங்கு. எப்பவோ மூடினது" என்றாள் பூரணம்.

அவர் மறுபடியும் தட்டினார். அவள் இரண்டாம் முறை அதைச் சொல்லவில்லை.

ஒரு சாடியை நகர்த்தி, இலையை விலக்கினார். தகரம். தகரத்தின் ஓரத்தைத் தூக்கியபோது நுளம்புகள் முகத்தில் மோதிக்கொண்டு எழும்பின. கீழே தண்ணீர், கண்ணாடிபோலத் தெளிவாக. நாலு பக்கமும் வழுவழுப்பான சீமெந்துச் சுவர். ஒரு பக்கம் ஐந்து படி இறங்கித் தண்ணீருக்குள் மறைந்தது. அகப்பை தேவைப்படவில்லை. தண்ணீர் முழுவதும் நெளிந்துகொண்டிருந்தது.

பொம்மர் வந்து குண்டு போட்ட காலத்தில் எல்லா வளவிலும் பதுங்குகுழி இருந்தது. தென்னங்குற்றியும் மண்மூட்டையும் வைத்துக் கட்டினவை. அவை எல்லாம் உக்கித் தூர்ந்து போய்விட்டன. இது தூராது. அந்த நாட்களில் ஊருக்குள் சீமெந்து வரத் தடை. ஒரு பை சீமெந்துக்கு ஆள் அலைந்த காலம். அப்போது ஒரு வீட்டில் இப்படிக் குழி கட்ட முடிந்ததென்றால், சீமெந்து இயக்கம் கொடுத்தது என்று விளங்க முகாமில் உள்ளவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

இன்பநாயகம் சின்னப் போத்தலில் நெளிந்த நுளம்புக் குடம்பிகளை அள்ளி மூடினார். பூரணம் போத்தலைப் பார்த்தாள். பிறகு பதிவேட்டை.

"எழுதப் போறியளோ?"

"எழுதாமல் மிசின் வராது அக்கா. தண்ணியை இறைக்க வேணும், மூட வேணும்."

"எழுதினால் ஆர் வாறது எண்டு உங்களுக்குத் தெரியாதே?"

தெரியும். சுகாதாரப் பணிமனையின் வியாழக்கிழமைக் கூட்டத்தில் பதிவேடு வீட்டிலக்கத்தோடு வாசிக்கப்படும். டெங்கு ஒழிப்புக்கு ஆள் தருகிறோம் என்று முகாமிலிருந்து ஒருவர் வந்து மேசையின் அந்தப் பக்கத்தில் இருப்பார். நல்ல மனிதர்தான். எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்.

இத்தனை நாளும் ஏன் மண் போட்டு மூடவில்லை என்று அவர் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். மண்ணுக்கு எங்கே போவது என்று அவள் திருப்பிக் கேட்டாள். ஒரு லோட் மண் பறித்தால் ஒழுங்கை முழுக்கப் பார்க்கும், என்னத்துக்கு என்று கேட்கும், கேட்டது முகாம் வரைக்கும் போகும். இந்த ஒழுங்கையில் யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஆகவே இலையைக் கூட்டாமல் விட்டாள்.

"பன்னிரண்டு பை சீமெந்து. மூத்தவன் சைக்கிளில ஒவ்வொண்டாய்க் கொண்டு வந்தவன்" என்றாள். "அவன் இல்லை. குழி கிடக்கு."

"சுகந்தியின்ர பிள்ளை செத்தது இந்தத் தண்ணியால."

பூரணம் சேலைத் தலைப்பால் உள்ளங்கையைத் துடைத்தாள்.

"அந்தச் செத்த வீட்டுக்கு மூண்டு நாளும் சமைச்சுக் குடுத்தது நான்தான்" என்றாள்.

வீட்டுக்குள்ளிருந்து வதனியின் குரல் கேட்டது. "அம்மா, எழுதட்டும் விடுங்கோ. எனக்குப் பயமில்லை."

"நீ வாயை மூடிக்கொண்டு உள்ள இரு." பூரணம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்பநாயகம் பதிவேட்டைத் தொடையில் வைத்துப் பேனையைத் திறந்தார். பதினோராவது வரி. நீர் தேங்கும் இடம் என்ற கட்டத்தில் பேனை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதினார். பழைய கிணறு – 1. பாவனையில் இல்லை. நடவடிக்கை என்ற கட்டத்தில், மீன் விடல்.

கிணறென்றால் மிசின் வேண்டாம். இறைக்க வேண்டாம், ஆள் வேண்டாம். பணிமனைத் தொட்டியில் வளர்க்கும் நுளம்பு தின்னும் மீனைக் கொண்டுவந்து விட்டால் போதும். ஊரில் கிணறு இல்லாத வீடு இல்லை. கூட்டத்தில் யாரும் நிறுத்திக் கேட்கப் போவதில்லை. இருபத்தேழு வருடத்தில் பதிவேட்டில் அவர் எழுதிய முதல் பொய் அது.

பதிவேட்டைத் திருப்பி அவளிடம் நீட்டினார். பூரணம் கிட்ட வந்து வாசித்தாள். விரலை வைத்து இன்னொருமுறை வாசித்தாள்.

"கிணறு எண்டு எழுதியிருக்கிறியள்."

"ஓம்."

"ஏன்?"

அவர் நாளைக்குக் காலமை மீன் கொண்டு வருவதாகவும், நூறு குஞ்சு விட்டால் இரண்டு நாளில் எல்லாவற்றையும் தின்று முடித்துவிடும் என்றும், அதுவரைக்கும் தகரத்தை இறுக்கி மூடும்படியும் சொன்னார்.

"தொண்ணூற்றாறிலயும் நீங்கள் கக்கூசுக்கெண்டுதான் எழுதினனீங்கள்" என்றாள் பூரணம்.

அவர் பேனையை மூடிச் சட்டைப்பையில் குத்தினார். மதில் கட்டில் தேத்தண்ணி ஆறிப்போய் இருந்தது. அதைக் குடித்துவிட்டுப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தார். குடிக்கவில்லை.

படலையில் கதிர்காமத்தம்பி காத்திருந்தார்.

"பூரணத்தின்ர வளவில கன நேரம் மினக்கெட்டீர். தேத்தண்ணியும் தந்தாவாம்."

"குடிக்கேல்லை."

"அதுதானே. என்ன எழுதினீர்?"

"கிணறு."

"எத்தினை?"

"ரெண்டு. பாவிக்கிறது ஒண்டு, பழசு ஒண்டு" என்றார் இன்பநாயகம்.

கிழவர் நாற்பத்தைந்து வருடமாக அந்த வளவுக்குப் பக்கத்தில் இருக்கிறவர். அங்கே எத்தனை கிணறு என்று அவருக்குத் தெரியாதா? அவருடைய கண் பதிவேட்டின் கறுப்பு மட்டையில் நின்றது. இன்பநாயகம் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பி ஒழுங்கை முனையில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தார். கிழவர் கதிரையை விட்டு எழும்பிப் பூரணத்தின் படலையைத் திறந்துகொண்டிருந்தார். பகலில் அவர் கதிரையை விட்டு எழும்பி இன்பநாயகம் கண்டதில்லை.

பின்னேரம் ஐந்து மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், ஆஸ்பத்திரிக்குப் போனார். நோயாளியின் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. சுகந்தி கட்டிலுக்குப் பக்கத்தில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை நுளம்பு வலைக்குள் நித்திரை. பிளேட்லெட் முப்பத்தெட்டாயிரத்துக்கு இறங்கியிருக்கிறதென்று தாதி சொன்னாள். மூத்தவளுக்கும் முதலில் அந்த அளவுதான் இருந்தது.

"கண்டு பிடிச்சியளோ?" என்று கேட்டாள் சுகந்தி.

ஒரு பழைய கிணறு என்று அவர் சொன்னார். நாளைக்கு மீன் விடப்போகிறோம், இனிப் பயமில்லை என்றார்.

"ஆற்ற வீட்டில?"

அவர் படிவத்தில் திகதி போட்டார். வீட்டிலக்கம் சொல்கிற வழக்கம் இல்லை, சட்டப்படி கூடாது என்றார். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று அவருக்கே நிச்சயமில்லை.

சுகந்தி வலையின் ஓரத்தை மெத்தையின் கீழ்ச் செருகினாள். குரலை உயர்த்தவில்லை.

"பிள்ளையைச் சாகக் குடுத்தது நான். நீங்கள் ஆருக்காக மறைக்கிறியள்?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்பநாயகம் படிவத்தை மடித்தார். அவள் அவரிடம் பேரைக் கேட்கிறாளா, அல்லது அவரே எங்கேயோ ஒரு தண்ணீரைக் கவனிக்காமல் விட்டுவிட்டு மறைக்கிறார் என்று நினைக்கிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை. சொல்லிவிடலாம். சொன்னால் அவள் பூரணத்தின் படலையில் போய் நிற்பாள். ஒழுங்கை கூடும். அதற்குப் பிறகு பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும் ஒன்றுதான்.

"நாளைக்கு வாறன் பிள்ளை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அடுத்த நாள் காலை ஆறரைக்கு இன்பநாயகம் பணிமனைத் தொட்டியிலிருந்து நூறு மீன்குஞ்சு எண்ணிப் பொலித்தீன் பையில் விட்டு, காற்றடைத்துக் கட்டினார். பூவரசடி ஒழுங்கைக்கு ஏழு மணி பத்து நிமிடத்துக்கு வந்தார். கதிர்காமத்தம்பி கதிரையில் இருந்தார். அவருடைய வலது கையில் துணி சுற்றியிருந்தது. கால் விரல் நகங்களில் செம்மண் இருந்தது.

பூரணத்தின் வளவு முழுவதும் கூட்டியிருந்தது. விளக்குமாற்றுக் கோடுகள் வேலி வரைக்கும் போயின. குழி இருந்த இடத்தில் ஒன்பது குரோட்டன்களும் சாடியை விட்டு இறக்கி நடப்பட்டிருந்தன. மண் ஒரு நிறமாக இல்லை. செம்மண் கொஞ்சம், கடல் மணல் கொஞ்சம், அடுப்புச் சாம்பல், ஓட்டுத் துண்டு, இடிந்த மதிலின் கல். ஒரு வளவில் எடுத்த மண் அல்ல அது. இன்பநாயகம் குதிக்காலால் தட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை.

பூரணம் விறாந்தையில் நின்றாள். கதிரை போட்டிருக்கவில்லை.

"இஞ்ச ஒரு கிணறுதான் ஐயா" என்றாள். "நீங்கள் பிழையாய் எழுதிப் போட்டியள்."

மீனை அந்த ஒரு கிணற்றில் விட்டார். நாலு குஞ்சு பையிலேயே செத்திருந்தன. திரும்பி வரும்போது சுகந்தியின் வீட்டைத் தவிர மற்ற எல்லா வளவிலும் எட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் புதிதாக மண் வெட்டி எடுத்த பள்ளம் இருந்தது. அவற்றை எழுதவில்லை. பதினோராவது வரியையும் திருத்தவில்லை.

எட்டரைக்கு ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தார். பிளேட்லெட் ஐம்பத்திரண்டாயிரம் என்றார்கள். ஒன்பது மணிக்குச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வெதுப்பகத்தில் சோதனை. மாப்பெட்டியில் எலிப் புழுக்கை இருந்தது. அது எலிப் புழுக்கை இல்லை என்று முதலாளி சொன்னார். இன்பநாயகம் அதைப் போத்தலில் எடுத்து மூடி, திகதி எழுதினார்.